ஜி.ஐ. என்று கேட்காதீர்கள், மைக்ரான் கேளுங்கள்: நிலத்தில் நிற்கும் சோலார் ஸ்டிரக்சர்

பேனல் கம்பெனிகள் மின் உற்பத்திக்கு 25 ஆண்டு வாரண்டி எழுதித் தருகின்றன. அந்தப் பேனல் உட்காரும் இரும்புச் சட்டத்துக்குப் பெரும்பாலான கொட்டேஷன்களில் ஒரே வரிதான் இருக்கும்: ‘ஜி.ஐ. ஸ்டிரக்சர்’. எந்த ஜி.ஐ., எத்தனை மில்லிமீட்டர் கனம், எவ்வளவு துத்தநாகம், எங்கே முக்கி எடுத்தது என்று ஒரு சொல் இருக்காது. சேலம், திருச்சிப் பக்கம் இந்த ஒரு வரியை நம்பி வாங்கியவர்கூடப் பல வருஷம் தப்பித்துவிடலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் அது நடக்காது. மேற்கிலும் தெற்கிலும் கடல். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் காற்று. இரும்பை அரிப்பதற்கு வேண்டிய ஈரம், உப்பு, காற்று மூன்றும் இங்கே ஆண்டில் பாதி நாள் சேர்ந்தே இருக்கின்றன.

மொட்டை மாடியில் போடுகிறவர்களுக்கான விஷயங்கள் முந்தைய அத்தியாயத்தில் வந்துவிட்டன. இது வயலிலோ விளையிலோ வீட்டுப் பின்புறத்திலோ தரையில் ஸ்டிரக்சர் நிறுத்தப் போகிறவர்களுக்கு.

முதலில் கடலுக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள்

துத்தநாகம் இரும்பைக் காப்பது தன்னைக் கொடுத்துத்தான். பூச்சு இருக்கும்வரை அது முதலில் கரையும். அது தீர்ந்த இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும். ஆகவே ஸ்டிரக்சரின் ஆயுள் எளிய வகுத்தல் கணக்கு: பூச்சு எத்தனை மைக்ரான், உங்கள் ஊர்க் காற்று ஆண்டுக்கு எத்தனை மைக்ரானைத் தின்கிறது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேசத் தரநிலை இந்தத் தின்னும் வேகத்தை வகுத்து வைத்திருக்கிறது. சி3 என்ற நடுத்தர வகையில் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் துத்தநாகம் போகும். சி4 வகையில் 2.1 முதல் 4.2. சி5 என்ற கடுமையான வகையில் 4.2 முதல் 8.4. அலை தெறிக்கும் இடங்களுக்கு அதற்கும் மேலே ஒரு வகை உண்டு. அங்கே ஆண்டுக்கு 25 மைக்ரான் வரைகூடக் கரையும்.

இதை நம் மாவட்டத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம், கன்னியாகுமரி போன்ற ஊர்களில் கடல் கண்ணில் படும் தூரத்தில் இருக்கும் நிலத்தை சி5 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மணக்குடிப் பொழிமுகத்தைச் சுற்றிய இடங்களும், புத்தளம், சாமித்தோப்புப் பக்கத்து உப்பளங்களை ஒட்டிய நிலங்களும் அதே கணக்குத்தான். கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி நாகர்கோவில், ராஜாக்கமங்கலத்துக்கு வடக்கே வந்தால் சி4 என்று வைப்பது பாதுகாப்பு. தக்கலை, குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மலையை நோக்கிப் போகப் போக உப்பு குறையும், ஈரம் குறையாது, சி3 போதும். இது என் மதிப்பீடு. உங்கள் இடத்தைச் சோதிக்க எளிய வழி, பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பி, கேட், தண்ணீர்த் தொட்டி ஏணி இவற்றைப் பார்ப்பதுதான். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடித்தும் துரு உரிகிறது என்றால் உங்கள் காற்றில் உப்பு இருக்கிறது.

கடற்கரை அரிப்பு பற்றி நம் நாட்டில் சொந்த அறிவு உண்டு. காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், சிக்ரி, மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றில் வைத்து அரிப்பை அளந்து வந்திருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் பாம்பன் பாலம் 1914இல் திறந்தது. உப்புக்காற்றோடு போராடியே அதன் காலம் கழிந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குப் பாலிசிலாக்ஸேன் என்ற சிறப்புப் பூச்சு போட்டிருக்கிறார்கள். ரயில்வேயே அவ்வளவு யோசிக்கிறது. கடலோரத்தில் எட்டு பேனல் போடுகிறவரும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஜி.ஐ. என்ற பெயரில் இரண்டு சரக்கு

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சந்தையில் ஜி.ஐ. என்று விற்பதில் ஒன்று, தகடாக இருக்கும்போதே ஆலையில் துத்தநாகம் பூசி, பிறகு மடித்தும் பற்றவைத்தும் குழாயாக, சேனலாக ஆக்கியது. இதைப் பிரீ-கால்வனைஸ்டு அல்லது ஜி.பி. என்பார்கள். இன்னொன்று, வெட்டி, துளையிட்டு, வெல்டிங் எல்லாம் முடித்த பிறகு, அமிலத்தில் கழுவி, சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகி நிற்கும் துத்தநாகத் தொட்டியில் முழுதாக முக்கி எடுத்தது. இதுதான் ஹாட் டிப். நிலத்தில் நிற்கும் ஸ்டிரக்சருக்கு நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது.

ஏமாற்றம் நுழைவது எண்ணில். ஜி.பி. தகட்டின் பூச்சை ‘275 கிராம்’ என்றோ ‘120 கிராம்’ என்றோ சொல்வார்கள். அந்த எடை ஒரு சதுர மீட்டர் தகட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்தது. ஹாட் டிப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4759 சொல்லும் கிராம் கணக்கோ ஒரு பக்கத்துக்கு மட்டுமானது. 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கனமான இரும்புக்கு 610 கிராம், 2 முதல் 5 மில்லிமீட்டருக்குள் 460 கிராம் என்று அது கேட்கிறது. கிராமை மைக்ரானாக்க 7.14ஆல் வகுக்க வேண்டும். 610 கிராம் என்றால் சுமார் 85 மைக்ரான். 460 என்றால் 64. ஆனால் 275 கிராம் ஜி.பி. தகட்டில் ஒரு பக்கத்துக்கு 137 கிராம்தான், அதாவது 19 மைக்ரான். 120 கிராம் தகட்டில் 8 மைக்ரான்.

காகிதத்தில் 275ஐயும் 610ஐயும் பார்க்கிறவர் ‘பாதியாவது இருக்கிறதே, விலையும் குறைவு’ என்று நினைப்பார். உண்மையில் கிடைப்பது நாலில் ஒரு பங்குக்கும் கீழே.

இப்போது வகுத்துப் பாருங்கள். குளச்சல் கரையில் 8 மைக்ரான் ஜி.பி. ஒன்று இரண்டு வருஷத்தில் சிவந்துவிடும். 19 மைக்ரான் இரண்டேகாலிலிருந்து நாலரை வருஷம் வரை ஓடும். 85 மைக்ரான் ஹாட் டிப் பத்து முதல் இருபது வருஷம். அதே 85 மைக்ரான் குலசேகரத்தில் நாற்பது வருஷத்தைத் தாண்டும். ஒரே மாவட்டம், ஒரே சரக்கு. நாற்பது கிலோமீட்டருக்குள் ஆயுள் இப்படி மாறுகிறது. ஆகவே ‘நம்ம மாமா வீட்டுல போட்டது பத்து வருஷமா அப்படியே நிக்குது’ என்ற சாட்சியை, மாமா வீடு எங்கே என்று கேட்காமல் ஏற்காதீர்கள்.

பூச்சின் கனம் இரும்பின் கனத்தையும் சார்ந்தது. மெல்லிய இரும்பு தொட்டிக்குள் சீக்கிரம் சூடேறிவிடுவதால் முக்கும் நேரம் குறைவு. பூச்சும் மெல்லியதாகவே அமையும். அதனால் கால்களுக்கு 3 மில்லிமீட்டருக்குக் குறையாத இரும்பு கேளுங்கள். கடலோரத்தில் 5 மில்லிமீட்டர் கேட்டாலும் தப்பில்லை. வலுவும் கிடைக்கும், துத்தநாகமும் தடிமனாக ஏறும். பேனல் உட்காரும் பர்லின்களுக்கு 2 மில்லிமீட்டர் கீழ் எல்லை.

அண்மைக் காலத்தில் துத்தநாகத்தோடு அலுமினியமும் மெக்னீசியமும் கலந்து பூசிய தகடுகள் வருகின்றன. கொரியாவின் போஸ்கோ நிறுவனத்தின் போஸ்மேக் இந்த வகை. அதே கனத்தில் சாதாரண ஜி.பி.யைவிட இவை நன்றாகவே நீடிக்கும். வெட்டிய விளிம்பையும் ஓரளவு காக்கும். நாகர்கோவிலுக்கு உட்பக்கம் பர்லினுக்கு இதைத் தயங்காமல் எடுக்கலாம். மண்ணையும் கான்கிரீட்டையும் தொடும் கால்களுக்கு ஹாட் டிப்பையே எடுங்கள்.

பட்டறையில் நின்று பார்ப்பது எப்படி

நாகர்கோவிலில் எந்த இரும்புக் கடையிலும் இந்தப் பேச்சு நடக்கும்.

“அண்ணாச்சி, இது ஹாட் டிப் தானா?”

“ஒண்ணாம் நம்பர் ஜி.ஐ. பாத்துக்கிடுங்க. எப்படி மின்னுது பாருங்க.”

மின்னுவதை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஹாட் டிப் சரக்கு சில நேரம் மங்கிய சாம்பல் நிறத்தில் வரும். இரும்பில் சிலிக்கான் கூடுதலாக இருந்தால் அப்படி ஆகும். அந்த மங்கல் சரக்கில்தான் பூச்சு தடிமனாக இருக்கும் வாய்ப்பு அதிகம். கண்ணாடிபோல் வழவழவென்று சீராக மின்னுவது பெரும்பாலும் ஜி.பி.

சதுரக் குழாய் என்றால் அதன் வாயில் மொபைல் டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். ஜி.பி. குழாயில் நீளவாக்கில் ஒரு பற்றவைப்புக் கோடு ஓடும். வெல்டிங் சூட்டில் அந்தக் கோட்டில் துத்தநாகம் எரிந்துபோய், உட்புறம் கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ தெரியும். வெளிப்பக்கம் அந்தக் கோட்டை ஸ்பிரே அடித்து மறைத்திருப்பார்கள், உள்ளே மறைக்க வழியில்லை. முழுதாக முக்கிய குழாயில் உட்சுவரும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். மூடிய குழாயில் காற்றும் துத்தநாகமும் போய்வர முனைகளில் துளை விட்டிருப்பார்கள்; அந்தத் துளை இல்லாத மூடிய குழாய் தொட்டியைப் பார்த்திருக்காது. கீழ் விளிம்புகளில் துத்தநாகம் வழிந்து உறைந்த சிறு முத்துகள் இருக்கும். போல்ட் துளைக்குள் விரல் விட்டுத் தடவினால் உள்வட்டத்திலும் பூச்சு தட்டுப்படும். துளைக்குள் வெறும் இரும்பு பளிச்சென்று தெரிந்தால், முக்கிய பிறகு டிரில் போட்டிருக்கிறார்கள். சில மாதத்தில் அந்தத் துளையிலிருந்து செம்பட்டைக் கோடு கீழே இறங்கும்.

இதற்கெல்லாம் மேல், அளவுமானி. கையடக்கமான இந்தக் கருவியை டி.எஃப்.டி. மீட்டர் என்பார்கள், பெயிண்டிங் கான்ட்ராக்டர்களிடம் இருக்கும், வாடகைக்கும் கிடைக்கும். ஒவ்வொரு காலிலும் மேலே, நடுவே, கீழே என்று வைத்துப் படியுங்கள். ஓரிடத்தில் 110, இன்னோரிடத்தில் 70 என்று வருவது இயல்பு. எங்கும் 20ஐத் தாண்டவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது ஜி.பி. ஓர் எச்சரிக்கை: மீட்டருக்குத் துத்தநாகமும் தெரியாது, பெயிண்டும் தெரியாது, இரும்புக்கு மேல் இருக்கும் மொத்தக் கனத்தைத்தான் காட்டும். சில்வர் பெயிண்ட் அடித்த சரக்கில் மீட்டர் 80 காட்டக்கூடும். அளப்பதற்கு முன் தின்னர் நனைத்த துணியால் ஓரிடத்தில் அழுத்தித் துடையுங்கள். துணியில் வெள்ளிநிறம் ஒட்டினால் விஷயம் தெரிந்துவிடும்.

மீட்டர் கிடைக்காவிட்டால் தராசு போதும். 3 மில்லிமீட்டர் தகட்டில் தரநிலைப்படி முக்கினால் எடை ஏறத்தாழ 4 சதவீதம் கூடும். 2 மில்லிமீட்டரில் 6 சதவீதம். முக்கும் முன்னும் பின்னும் எடுத்த எடைச் சீட்டைக் கேளுங்கள். முறையாக முக்குகிற இடங்களில் எடைபோட்டுத்தான் கூலி வாங்குவார்கள், சீட்டு இல்லாமல் இருக்காது.

சரக்கு வந்து இறங்கியதும் மழையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் போடாதீர்கள். காற்றோட்டம் இல்லாமல் ஈரம் தங்கினால் புது துத்தநாகத்தின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். லேசானது என்றால் நைலான் பிரஷ்ஷால் தேய்த்து உலரவிட்டால் போதும். தடித்துப் படிந்திருந்தால் அந்த இடத்தை மீட்டரால் அளந்து பார்த்த பிறகே எடுங்கள். சரக்கை இடையிடையே மரத்துண்டு வைத்து, சற்றுச் சாய்வாக நிறுத்துங்கள்.

ஆரல்வாய்மொழிக் காற்றும் ஒக்கியும்

2017 நவம்பர் 30ஆம் தேதியை இந்த மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. ஒக்கி இங்கே கரையேறாமல் கடலோடு ஒதுங்கிப் போன புயல். அதற்கே ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்தன, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன, பல நாள் கரண்ட் இல்லை. கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. நேராக ஒரு புயல் வந்தால் என்னவாகும் என்பதை மனத்தில் வைத்தே ஸ்டிரக்சரை நிறுத்த வேண்டும்.

கட்டடங்கள் மீதான காற்று விசைக்கு நம் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. திருவனந்தபுரம், மதுரை இரண்டுக்கும் அது கொடுக்கும் அடிப்படை வேகம் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அரசு சோலார் பம்ப் விதிகள் 150 கிலோமீட்டரைத் தாங்கும் ஸ்டிரக்சர் கேட்கின்றன. நீங்களும் 150ஐயே கேளுங்கள்.

அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் 1,040 நியூட்டன் அளவில். 540 வாட் பேனல் ஒன்றின் பரப்பு சுமார் 2.6 சதுர மீட்டர். தோராயமாகப் பார்த்தால் ஒவ்வொரு பேனலையும் காற்று 270 கிலோ விசையோடு தூக்கப் பார்க்கும். பேனலின் சொந்த எடை 30 கிலோவுக்கு அருகில்தான். பேனல் காற்றில் பறப்பது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். மூலைப் பேனல்களில் விசை இதைவிடக் கூடும்.

மலைச்சரிவிலும் மேட்டிலும் இருக்கும் இடங்களுக்கு காற்றின் வேகத்தை 36 சதவீதம் வரை கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது அந்தத் தரநிலை. விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் அந்த 36 சதவீதம் விசையில் 85 சதவீதமாகிவிடும். தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் நிலம் இருப்பவர்கள், டிசைன் போட்ட பொறியாளர் இந்தக் காரணியை எவ்வளவு எடுத்தார் என்று கேட்க வேண்டும். ‘எல்லா ஊருக்கும் இதே டிசைன்தான் சார்’ என்று பதில் வந்தால், நாட்டிலேயே பெரிய காற்றாலைத் திரளை முப்பந்தலில் கொண்டுவந்து நட்டவர்கள் எதற்காக அங்கே வந்தார்கள் என்று யோசித்துவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

கச்சான் என்ற மேல்காற்று வீசும் மாதங்களில் கணவாயில் காற்று மேற்கிலிருந்து வருகிறது. நம் பேனல்களோ தெற்கு நோக்கி, கிழக்கு மேற்காக வரிசையில் நிற்கின்றன. அதாவது காற்று வரிசையின் முனையில் வந்து மோதும். பெரும்பாலான மலிவு ஸ்டிரக்சர்களில் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் குறுக்குச் சட்டம் இருக்கும். வரிசையின் நீளவாக்கில் எதுவும் இருக்காது. இரண்டு திசையிலும் பிரேசிங் வேண்டும். பின்கால்களுக்கு நடுவே எக்ஸ் வடிவில் ஒரு ஜோடி ஆங்கிள் போட்டால் ஆகும் கூடுதல் செலவு அற்பம். வாடைக்காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து, பேனலின் முதுகில் புகுந்து தூக்கும்; அதற்கு அஸ்திவாரம்தான் பதில்.

சாய்வைப் பற்றி ஒரு வார்த்தை. நாகர்கோவில் 8 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். இங்கே 10 டிகிரி சாய்வு தாராளம். மழை தூசியைக் கழுவிக்கொண்டு போக அது போதும். வட இந்தியாவுக்காகச் செய்த 20, 25 டிகிரி ஸ்டிரக்சரை இங்கே நிறுத்தினால் மின்சாரமும் கூடாது, காற்று மட்டும் கூடுதலாகப் பிடிக்கும்.

கால் ஊன்றும் இடம்

மேலே சொன்ன கணக்கைத் தொடர்வோம். எட்டு பேனல் மேசை ஒன்றைக் காற்று தூக்கும் விசை 2,200 கிலோவுக்கு அருகில். பேனலும் இரும்பும் சேர்ந்து 400 கிலோ என்றால், மிச்சம் 1,800 கிலோவை நான்கு கால்களின் கான்கிரீட் கட்டைகள் பிடிக்க வேண்டும், காலுக்கு 450. இரண்டடி நீள, அகல, ஆழத்தில், 60 சென்டிமீட்டர் கன சதுரமாகப் போட்ட கான்கிரீட்டின் எடை சுமார் 520 கிலோ. செம்மண் விளையில், சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பும் சேர்ந்து, இது நிற்கும்.

அதே கட்டையைப் பூதப்பாண்டிப் பக்கத்து வயலில் வையுங்கள். கும்பப்பூ நெல் நடவுக்குத் தண்ணீர் கட்டியிருக்கும். மண் குழம்பிக் கிடக்கும். தண்ணீருக்குள் மூழ்கிய கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் கிலோ எடையை இழக்கும். 520 கிலோ 300 ஆகிவிடும். சேற்று மண்ணுக்குப் பிடிப்பும் கிடையாது. வாடைக்காற்றும் மழையும் ஒரே மாதத்தில் வருகிற ஊர் இது. கட்டை மிக இலேசாக இருக்கும் நேரத்தில்தான் காற்று மிகப் பலமாக இருக்கும். வயலில் போடுகிறவர்கள் கட்டையின் அளவை இரு மடங்காக்க வேண்டும், அல்லது அடியில் அகலமாக விரித்து மேலே மண் ஏற்றும் பாத அஸ்திவாரம் போட வேண்டும். இன்னும் நல்லது, வயலை விட்டு வரப்போரத்து மேட்டைத் தேடுவது. இந்த எண்கள் அளவை உணர்த்துவதற்கு. பாதுகாப்பு விகிதம் சேர்த்த இறுதி அளவை ஒரு கட்டுமானப் பொறியாளர் கையெழுத்தோடு வாங்குங்கள்.

விளவங்கோடு, கல்குளம் பக்கம் சில அடி தோண்டினால் செம்பாறை வந்துவிடும். பெரிய சோலார் பூங்காக்களில் கம்பத்தை இயந்திரத்தால் நேரே மண்ணில் அடித்து இறக்குவார்கள். செம்பாறையில் அப்படி அடித்தால் துத்தநாகம் உராய்ந்து போகும், கம்பமும் வளையும். குழி எடுத்துக் கான்கிரீட் போடுவதே நமக்கு ஏற்றது.

கான்கிரீட் கட்டை தரைக்கு மேல் ஓரடியாவது நிற்கட்டும். அதன் தலை தட்டையாக இருந்தால் பேஸ் பிளேட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கும். கொத்தனாரிடம் சொல்லி நாலு பக்கமும் வழியும்படி சரிவு கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்டிரக்சர் துருப்பிடித்து விழும்போது பெரும்பாலும் முறிவது இந்த இடத்தில்தான், காலும் கான்கிரீட்டும் சேரும் அந்த இரண்டு விரல் அகலத்தில். அங்கே தார் சார்ந்த பூச்சு ஒன்றைக் கூடுதலாக அடிப்பது மிக மலிவான காப்பு. காலை வெறும் மண்ணில் புதைக்கவே கூடாது. உப்பளத்து மண்ணிலும் காயல் ஓரத்திலும் புதைத்தால் ஹாட் டிப்பும் காப்பாற்றாது.

சின்னச் சாமான்கள்

85 மைக்ரான் சட்டத்தை வாங்கிவிட்டு, கடையில் பளபளக்கும் மஞ்சள் அல்லது வெள்ளி நிற சாதாரண போல்ட்டை முடுக்கினால் எல்லாம் வீண். அந்த போல்ட்டுகளில் மின்முலாம் பூசிய துத்தநாகம் பத்து மைக்ரானைத் தாண்டாது. உட்பகுதியில் எஸ்.எஸ். 304, கடலோரத்தில் எஸ்.எஸ். 316. பேனலின் அலுமினிய விளிம்புக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர் வாஷர் வையுங்கள்.

துத்தநாகத்துக்குச் செம்பு பகை. எர்த்துக்காக வெறும் செம்புக் கம்பியைச் சட்டத்தில் நேரே முடுக்காதீர்கள், ஜி.ஐ. பட்டையோ, வெள்ளீயம் பூசிய லக்கோ போடுங்கள். ரப்பர்த் தோட்டத்துக்காரர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். இலை உதிர்வுக்கு மழைக்கு முன்னால் அடிக்கும் போர்டோ கலவையும் செம்பு மருந்துகளும் காற்றில் வந்து சட்டத்தில் படிந்தால் பூச்சை அரிக்கும். மருந்து அடித்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் புழங்கும் ஷீட் புரையிலிருந்தும், கோழிப் பண்ணையிலிருந்தும் தள்ளியே ஸ்டிரக்சரை நிறுத்துங்கள்.

சைட்டில் வெல்டிங் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வெல்டிங் தொட்ட இடத்தில் துத்தநாகம் ஆவியாகிப் போய்விடும். மேலே அடிக்கும் சில்வர் பெயிண்ட் துத்தநாகம் ஆகாது. எல்லா இணைப்பும் போல்ட்டாக இருக்கும்படி முன்கூட்டியே துளை போட்டு முக்கி வரவேண்டும். தவிர்க்கவே முடியாமல் வெட்டவோ துளைக்கவோ நேர்ந்தால், அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, உலர்ந்ததும் ஜிங்க் ரிச் பெயிண்ட் இரண்டு கை அடியுங்கள்.

கடலிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் நிலம் இருந்தால், ஹாட் டிப்புக்கு மேல் எப்பாக்ஸியும் பாலியூரித்தேனும் அடித்த இரட்டைக் காப்புத்தான் சரி. இரண்டும் சேரும்போது கிடைக்கும் ஆயுள், தனித்தனி ஆயுள்களைக் கூட்டினால் வருவதைவிட அதிகம். பெயிண்ட் துத்தநாகத்தைக் காக்கிறது, துத்தநாகம் பெயிண்டுக்கு அடியில் துரு பரவாமல் பார்த்துக்கொள்கிறது. வழுவழுப்பான புது துத்தநாகத்தில் பெயிண்ட் ஒட்டாது; மேற்பரப்பை முறையாகச் சொரசொரப்பாக்கிய பிறகே அடிக்க வேண்டும்.

மானியத்தில் வாங்குகிறவர்களுக்கு

2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக விவசாயிகளுக்கு சோலார் பம்ப்செட் கிடைக்கிறது. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து மானியம் தருகின்றன. ஸ்டிரக்சர் ஐ.எஸ். 4759 படி ஹாட் டிப் செய்ததாக, 150 கிலோமீட்டர் காற்றைத் தாங்குவதாக இருக்க வேண்டும் என்று மத்திய அமைச்சகத்தின் விவரக்குறிப்பிலேயே இருக்கிறது. மானியத்தில் வருகிறதே என்று கேட்கத் தயங்க வேண்டாம். மிச்சப் பணம் உங்களுடையது, விதியும் உங்கள் பக்கம். சரக்கு இறங்கும் நாளில் மீட்டரோடு நில்லுங்கள். குறை இருந்தால் நிறுத்துவதற்கு முன்பே துறைப் பொறியாளரிடம் எழுதிக் கொடுங்கள். ஐந்து ஆண்டு வாரண்டிக் காலத்தில் எழும் துருப் புகாருக்கு, தேதி போட்ட புகைப்படங்கள் கையில் இருப்பது நல்லது.

தனியாக வாங்குகிறவர்கள் ஆர்டரில் இந்த வாசகத்தை அப்படியே சேர்க்கச் சொல்லலாம்: ‘எல்லா வெட்டும், துளையும், வெல்டிங்கும் முடிந்த பிறகு ஐ.எஸ். 4759 படி ஹாட் டிப். கால்கள் 3 மில்லிமீட்டருக்குக் குறையாது. எந்தக் காலிலும் சராசரி 80 மைக்ரானுக்குக் குறைந்தால் திருப்பி எடுக்கப்படும். சைட்டில் வெல்டிங் கிடையாது.’ 3 மில்லிமீட்டர் இரும்புக்குத் தரநிலை கேட்பது 64 மைக்ரான்தான். 80ஐ நம் கடற்காற்றுக்காகக் கேட்கிறோம், அதற்கான கூடுதல் விலையையும் கொடுக்க வேண்டியிருக்கும்.

நிறுத்திய பிறகு

மழை பேனலின் மேல்பக்கத்தைத்தான் கழுவும். சட்டம் முழுவதும் பேனலின் நிழலில், மழை படாமல் இருக்கிறது. காற்று கொண்டுவரும் உப்பு அங்கேதான் சேர்ந்துகொண்டே போகும். கடலோர ஸ்டிரக்சர்களில் வெயில் மழை படும் முன்கால் நன்றாக இருக்கும்போதே உள்பக்கத்து பர்லின் முதலில் வெளுத்துப் பிறகு சிவப்பது இதனால்தான். கச்சான் அடங்கியதும் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை, நல்ல தண்ணீர்க் குழாயை அடிப்பக்கம் திருப்பிச் சட்டத்தைக் கழுவுங்கள். அதற்கு முன் இன்வெர்ட்டரையும் டி.சி. சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும். வயர் இணைப்புகளின் மேல் நேரடியாகப் பீய்ச்சக் கூடாது. கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் ஊர்களில் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள்.

கழுவும்போதே ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளாம்புகளையும் பேஸ் பிளேட் நட்டுகளையும் தட்டிப் பாருங்கள். வெட்டிய முனை, துளை விளிம்பு, பேஸ் பிளேட்டின் அடிவிளிம்பு மூன்றையும் குனிந்து பார்க்க வேண்டும். சிவப்பு நகத்தளவு தெரிந்தால் அன்றைக்கே பிரஷ் போட்டு ஜிங்க் ரிச் அடிக்கலாம். உள்ளங்கை அளவுக்குப் பரவியிருந்தால் மீட்டரை வாங்கி வந்து சுற்றுவட்டாரத்தை அளந்து, மிச்சம் 20 மைக்ரானுக்குக் கீழே என்றால் அந்தச் சட்டத்தை அடுத்த வாடைக்கு முன் கழற்றி மறுபடி முக்கக் கொடுங்கள். இணைப்பெல்லாம் போல்ட்டாக இருந்தால் அது ஒரு நாள் வேலை.